கறுப்பு இறகெல்லாம் கருங்கோழி ஆகுமா?

கம்பம் பள்ளத்தாக்கில் தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகள் பலர் கூடுதல் வருமானத்துக்காக நாட்டுக்கோழி வளர்க்கின்றனர். குஞ்சு வாங்கப் போகும்போது முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். கறுப்பாக இருந்தால் கருங்கோழி, பல நிறம் கலந்திருந்தால் நாட்டுக்கோழி என்று கணக்குப் போடுகின்றனர். இந்தக் கணக்கு பல நேரம் தப்பிவிடுகிறது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய 'கருங்கோழி' அறுக்கும்போது வெள்ளைக் கறியாக இருந்தால் நட்டம் விவசாயிக்கே. நிறம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

இரண்டே சாயம்

கோழி இறகின் நிறங்களுக்கு முக்கியக் காரணம் இரண்டு வகை மெலனின் சாயங்கள். ஒன்று கறுப்பு, மற்றொன்று சிவப்பு முதல் பொன்மஞ்சள் வரை. எந்த இடத்தில் எந்தச் சாயம் படிய வேண்டும் என்பதை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. காகம், கீரி, மயில், வல்லூறு என்று நம் ஊரில் சேவல் நிறத்துக்குச் சொல்லும் பெயர்கள் எல்லாம் இந்த இரண்டு சாயங்களின் கூட்டுதான்.

வெள்ளை லெகார்ன் கோழியின் வெள்ளைக்குக் காரணம், கறுப்புச் சாயம் உருவாகாமல் தடுக்கும் ஓங்கு மரபணு. அந்தச் சேவலைக் கறுப்புப் பெட்டையோடு சேர்த்தாலும் குஞ்சுகள் அங்கங்கே கறுப்புப் புள்ளியோடு வெள்ளையாகவே வரும். மெண்டலின் விதிகள் செடிகளுக்கு மட்டுமல்ல, விலங்குகளுக்கும் பொருந்தும் என்று இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன் 1902இல் காட்டியதும் கோழிகளை வைத்துத்தான்.

கறி கறுப்பது வேறு கணக்கு

மத்தியப் பிரதேசம் ஜாபுவா பகுதியின் கடக்நாத் கோழிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் தோல், கறி, எலும்பின் மேல்சவ்வு ஆகியவை கறுப்பதற்குக் காரணம் தனியான ஓர் ஓங்கு மரபணு. இறகைக் கறுப்பாக்கும் மரபணுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கடக்நாத்திலேயே பொன்னிறக் கழுத்து கொண்டவை உண்டு. முழுக் கறுப்பு இறகு கொண்ட சாதாரணக் கோழியின் கறி வெள்ளையாகவே இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மஞ்சள் அல்லது வெள்ளைக் கால் கோழிகளில், தோலில் கறுப்பு படிவதைத் தடுக்கும் மரபணு இருக்கும். அது பாலின குரோமோசோமில் உள்ளது. எனவே கடக்நாத் சேவலை மஞ்சள் கால் பெட்டையோடு சேர்த்தால், பெட்டைக் குஞ்சுகள் நல்ல கறுப்பாகவும், சேவல் குஞ்சுகள் வெளிறியும் வரும். அந்தக் கலப்புப் பெட்டையைப் பார்த்து அசல் கடக்நாத் என்று ஏமாறுவது எளிது. இப்படிப் பிறந்த கலப்புகளையே ஒன்றோடொன்று சேர்த்தால், அடுத்த தலைமுறையில் சராசரியாக நான்கில் ஒரு குஞ்சுக்குக் கருங்கறி மரபணுவே இருக்காது.

வாங்கும்போது இறகைப் பார்க்காதீர்கள். கால், நகம், அலகு, நாக்கு, கொண்டை ஆகியவற்றைப் பாருங்கள். நெஞ்சு இறகை விலக்கித் தோலைப் பாருங்கள். ஒரு குஞ்சை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், சேவல் குஞ்சும் பெட்டைக் குஞ்சும் ஒன்றுபோலக் கறுத்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். முடிந்தால் தாய்க் கோழிகளையும் நேரில் பாருங்கள்.

நிறம் பார்த்துப் பாலினம் பிரிக்கலாம்

சேவலுக்கு இசட் குரோமோசோம் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். அந்த ஒன்றையும் பெட்டைக் குஞ்சு தகப்பனிடமிருந்தே பெறுகிறது. கறுப்பு வெள்ளை வரி இறகுக்கான மரபணு இந்தக் குரோமோசோமில் இருக்கிறது.

வரியில்லாத கறுப்புச் சேவலை, வரி கொண்ட பெட்டையோடு சேர்த்துப் பாருங்கள். சேவல் குஞ்சுகளின் தலையில் வெளிர் புள்ளி தெரியும். பெட்டைக் குஞ்சுகளின் தலை முழுக் கறுப்பாக இருக்கும். பொரித்த அன்றே இரண்டையும் பிரித்துவிடலாம். சேர்க்கையை மாற்றி, சுத்தமான வரிச் சேவலைக் கறுப்புப் பெட்டையோடு சேர்த்தால் எல்லாக் குஞ்சுகளுக்கும் வரி விழும். பாலினம் பிரிக்க முடியாது. முட்டைக்குப் பெட்டை மட்டும் தேவைப்படுவோருக்கு இது செலவில்லாத வழி.

மஞ்சள் காலின் பூர்வீகம்

வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு, சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று 2008இல் வெளியான ஆய்வு கூறியது. மேகமலை, சுருளி பகுதிக் காடுகளில் நாம் காணும் காட்டுக்கோழி இதுதான். உலகம் முழுவதும் பண்ணைகளில் உள்ள மஞ்சள் கால் கோழிகளில், நம் நாட்டுக் காட்டுப் பறவையின் பங்கு இருக்கிறது. இப்பறவையைப் பிடிப்பதோ வேட்டையாடுவதோ 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால்தான் கால் மஞ்சளாகும். அந்த மஞ்சளுக்கான சாயம் மக்காச்சோளம், கீரை, பசும்புல் போன்ற தீவனத்திலிருந்து கிடைக்கிறது. முட்டையிடும் பெட்டையில் சாயம் மஞ்சள் கருவுக்குப் போவதால் கால் மெல்ல வெளிறும். ஒரே தீவனம் தின்னும் மஞ்சள் கால் பெட்டைகளில், பல மாதம் ஆகியும் கால் பளிச்சென்று இருப்பது சரியாக முட்டையிடவில்லை என்று சந்தேகிக்கலாம்.

நிறத்துக்காகச் சேவலை வைக்காதீர்கள்

சிறுவிடைக் கோழிக்கு ஒரே நிறம் கிடையாது. அடைகாக்கும் குணம், குஞ்சைக் காக்கும் திறன், மேய்ந்து வளரும் திறன், நோய் தாங்கும் சக்தி ஆகியவையே அதன் மதிப்பு. நிறம் பிடித்திருக்கிறது என்று ஒரே சேவலை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால், அது தன் மகள்களோடும் பேத்திகளோடும் சேரும். பொரிப்புத் திறன் குறையும். குஞ்சுகள் நலிந்து பிறக்கும். ஆண்டுக்கு ஒருமுறை உறவில்லாத சேவலுக்கு மாறுங்கள். பக்கத்து ஊர் விவசாயியோடு சேவலை மாற்றிக்கொண்டாலே போதும். புதிதாக வரும் பறவையை மூன்று வாரமாவது தனியே வைத்து, நோயில்லை என்று உறுதி செய்த பிறகே கூட்டத்தில் விடுங்கள்.

எந்தச் சேவலுக்கும் பெட்டைக்கும் பிறந்த குஞ்சு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு தலைமுறை எழுதினால், உங்கள் கோழிகளைப் பற்றி அந்த நோட்டு சொல்வதை எந்த இறகும் சொல்லாது. கூடுதல் விளக்கத்துக்குத் தேனி கால்நடை மருத்துவக் கல்லூரி, காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் அல்லது அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.