ஒரு புள்ளிக்குள் எத்தனை இரவுகள்?

கண்மாய்ப் பாசனம் உள்ள ஊர்களில் தண்ணீரைப் படியால் அளப்பதில்லை, நேரத்தால் அளப்பார்கள். இன்னாருக்கு இன்ன கிழமை, இத்தனை மணி நேரம் மடை திறந்திருக்கும். அதற்குப் பெயர் முறை. கண்மாய் எல்லோருக்கும் பொது, முறை மட்டும் அவரவருக்குச் சொந்தம். ஒரு பொருளைக் கூறுபோட முடியாதபோது அதன் நேரத்தைக் கூறுபோடுவது எவ்வளவு பழைய, எவ்வளவு அழகான யோசனை!

விடுமுறை விடுதிகளை இதே முறையில் பங்குபோடுவதுதான் டைம்ஷேர், அதாவது காலப்பங்கு. கடற்கரையில் ஒரு வீடு வாங்க வசதியில்லை. வாங்கினாலும் ஆண்டுக்கு ஒரு வாரம்தான் போகப் போகிறோம். ஆண்டுக்கு 52 வாரம். ஒரு வாரத்தைப் பழுதுபார்க்க ஒதுக்கிவிட்டு, மிச்சம் 51 வாரங்களை 51 குடும்பங்களுக்கு விற்றால் ஒரே வீட்டுக்கு 51 சொந்தக்காரர்கள். ஒருவரை ஒருவர் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. ஆனால் அதே கட்டிலில்தான் படுக்கிறார்கள்.

இதில் ஒரு முடிச்சு இருந்தது. ஜூலை இரண்டாம் வாரத்தை வாங்கியவருக்கு ஆயுசுக்கும் ஜூலை இரண்டாம் வாரம்தான். அந்த வாரம் பெண்ணுக்குத் தேர்வு வந்தால்? அதே கடற்கரை அலுத்துப்போனால்? 1974இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஜான் டிஹான், கிறிஸ்டல் டிஹான் தம்பதி ஆர்.சி.ஐ. என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஒருவர் வாரத்தை இன்னொருவர் வாரத்தோடு மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். அதுவும் பண்டமாற்றுதான். மாட்டைக் கொடுத்து நெல் வாங்கப் போனால், நெல் வைத்திருப்பவருக்கும் மாடு வேண்டியிருக்க வேண்டுமே. பண்டமாற்று திணறிய இடத்தில் மனிதர்கள் நாணயத்தைக் கண்டுபிடித்தார்கள். விடுமுறை உலகின் நாணயம் புள்ளி.

அந்த நாணயம் ஆர்.சி.ஐ.க்கும் முந்தியது. சுவிட்சர்லாந்தில் 1963இல் பிறந்த ஹாபிமாக் நிறுவனம் பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் புள்ளிகள் கொடுத்து, அவற்றைக் கொண்டு விரும்பிய விடுதியில் தங்கிக்கொள்ளச் செய்தது. 1991இல் ஃப்ளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் தன் வெக்கேஷன் கிளப்பைப் புள்ளிக் கணக்கில்தான் தொடங்கியது. அதன் முதல் விடுதி இன்று ஓல்ட் கீ வெஸ்ட் என்று அழைக்கப்படுகிறது. புள்ளி என்னும் இயந்திரத்தின் பல்சக்கரங்களைப் பார்க்க இதைவிடத் தோதான இடம் இல்லை. எனவே அதையே பிரித்துப் பார்ப்போம்.

முதல் சக்கரம், புள்ளி அட்டவணை. ஒவ்வோர் அறைக்கும், ஆண்டின் ஒவ்வோர் இரவுக்கும் எத்தனை புள்ளி என்று அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வைகாசி முகூர்த்தத்தில் இடம் கிடைக்காத அதே மண்டபம் மார்கழியில் பூட்டிக் கிடக்கும். கட்டடம் ஒன்றுதான், நாள்தான் வேறு. கிறிஸ்துமஸ் வாரத்தில் ஓர் இரவுக்கு ஆகும் புள்ளியைக் கொண்டு, கூட்டமில்லாத நாட்களில் அதே அறையில் இன்னும் கூடுதலாகத் தங்கலாம். அந்த ஒற்றைத் தாளுக்குள் ஒரு நாட்டின் பள்ளி விடுமுறையும் வானிலையும் பண்டிகையும் எண்களாக உட்கார்ந்திருக்கின்றன.

இரண்டாவது சக்கரம் இன்னும் நுட்பமானது. ஆண்டு முழுவதற்குமாக மொத்தப் புள்ளிகளை நிறுவனம் நினைத்தபடி கூட்ட முடியாது. ஓர் இரவின் புள்ளியை உயர்த்தினால் வேறோர் இரவில் அதைக் குறைத்தாக வேண்டும். நிரம்பிய குளத்தில் ஒரு பக்கம் மண்ணைக் கொட்டினால், இன்னொரு பக்கம் வெட்டி எடுக்க வேண்டும் என்பது போல. தொடக்க காலத்தில் வெள்ளி, சனி இரவுகளுக்குப் புள்ளி மிக அதிகம். உறுப்பினர்கள் கெட்டிக்காரர்கள், ஞாயிறு வந்து வியாழன் வரை தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டார்கள். 2010ஆம் ஆண்டு அட்டவணையில் வார இறுதியின் சுமையைக் கொஞ்சம் இறக்கி வாரநாட்களின் தலையில் ஏற்றினார்கள். மொத்தம் மாறவில்லை. ஆனால் வாரநாட்களை மட்டும் நம்பி அளந்து வாங்கியவர்களுக்கு, அதே புள்ளியில் கிடைத்த இரவுகள் குறைந்தன.

அப்படியானால் வாங்குபவர் கையில் உண்மையில் இருப்பது என்ன? பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், கட்டடத்தின் ஒரு பகுதியில் இத்தனை சதவீதம் என்று நான்கு தசம இடங்கள் வரை எழுதியிருக்கும். பெரும்பாலும் முழு ஒரு சதவீதம்கூட இல்லாத துளிப் பங்கு. அதுவும் காலக்கெடு உள்ள குத்தகை உரிமை. ஓல்ட் கீ வெஸ்டின் தொடக்க ஒப்பந்தங்கள் 2042 ஜனவரி 31இல் முடிகின்றன. அந்தத் துளியைப் புழங்கத் தோதாகச் சில்லறை மாற்றித் தந்த வடிவமே புள்ளி.

இந்தச் சில்லறைக்குக் காலத்தில் பயணம் செய்யவும் தெரியும். இந்த ஆண்டுப் புள்ளியை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்கலாம். அடுத்த ஆண்டுப் புள்ளியை இப்போதே கடன் வாங்கலாம். மூன்று ஆண்டுப் புள்ளிகளை ஒன்றாகக் குவித்து, தாத்தா பாட்டி பேரன் பேத்தி என்று எல்லோரையும் ஒரே பெரிய வீட்டில் தங்க வைக்கலாம். ஆனால் கட்டுப்பாடு உண்டு. ஒருமுறை சேமித்ததை மறுபடி சேமிக்க முடியாது. உறுப்பினர் ஆண்டின் எட்டாம் மாதத்துக்குள் சேமிக்கச் சொல்லிவிட வேண்டும். தவறினால், அந்த ஆண்டு முடிவதற்குள் தங்கித் தீர்க்காத புள்ளி ஆவியாகிவிடும். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் எல்லோரும் பத்தாண்டுப் புள்ளிகளைப் பதுக்கி ஒரே கோடையில் வந்து நிற்பார்கள். அறைகளோ அதே அறைகள்தான்.

அடுத்தது வரிசை. நீங்கள் பங்கு வாங்கிய விடுதி உங்கள் தாய்விடுதி. அங்கே தங்க 11 மாதம் முன்பே அறை கேட்கலாம். மற்ற விடுதிகளுக்கு 7 மாதம் முன்புதான். நடுவில் உள்ள 4 மாதம் சொந்தக்காரர்களின் முன்னுரிமை. அரிதான அறைகள் அந்த 4 மாதத்திலேயே தீர்ந்துவிடும். இந்தப் போட்டியில் உறுப்பினர்கள் கண்டுபிடித்த தந்திரம் ஒன்றை நான் வியந்து வியந்து பார்த்திருக்கிறேன். வரிசை திறக்கும்போது ஏழு இரவுகள் வரை சேர்த்துப் பதியலாம். ஒருவருக்கு டிசம்பர் 10ஆம் தேதி முதல் அறை வேண்டும். அவர் டிசம்பர் 1 முதல் ஏழு இரவுகளைப் பிடித்துக்கொள்கிறார். மறுநாள் காலை 1ஆம் தேதியை விட்டுவிட்டு 8ஆம் தேதியைச் சேர்க்கிறார். அடுத்த நாள் 2ஐ விட்டு 9ஐப் பிடிக்கிறார். கம்பளிப்பூச்சி வாலை இழுத்துத் தலையை நீட்டுவதுபோல முன்பதிவு நாள்காட்டியில் ஊர்ந்து ஊர்ந்து 10ஆம் தேதியை அடைகிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘நடத்திப் போவது’. யாரும் புள்ளியைத் திருடவில்லை, விதியும் மீறப்படவில்லை. ஆனால் 10ஆம் தேதிக்கு வரிசை திறக்கும் காலையில் நேர்மையாக வந்து நிற்பவருக்கு அறை இருக்காது.

யாரும் கேட்காத அறை என்ன ஆகும்? வருகை நாளுக்கு 60 நாள் இருக்கும்போதும் காலியாக உள்ள அறைகளை நிறுவனம் வெளியாருக்குப் பணத்துக்கு விடலாம். அந்த வருமானத்தில் ஒரு வரம்பு வரை பராமரிப்புச் செலவுக்கு வரவு வைத்துவிட்டு, அதற்கு மேல் வருவதை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. இதை எஞ்சல் எனலாம். வாய்க்காலின் கடைசியில் வழியும் தண்ணீரும் ஒரு வயலுக்குப் பாய்கிறது.

சரி, இந்த அழகான இயந்திரத்தில் ஒரு பல்லாக நாமும் சேரலாமா? பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்னியின் புதிய விடுதிகளில் ஒரு புள்ளி 200 டாலருக்கு மேல் விற்கிறது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் பல விடுதிகளில் புள்ளிக்கு 8 முதல் 10 டாலர் வரை. கணக்குக்காக 160 புள்ளி, புள்ளி 200 டாலர், 40 ஆண்டு, கட்டணம் எட்டரை டாலர் என்று வைப்போம். முதலீடு 32,000 டாலர். அதை 40ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 800. கட்டணம் 1,360. மொத்தம் 2,160. இரவுக்கு 16 புள்ளி ஆகும் அறை என்றால் 10 இரவு, ஓர் இரவுக்கு 216 டாலர். விற்பனை மேசையில் போடும் கணக்கு பெரும்பாலும் இங்கே நின்றுவிடும்.

அதில் வட்டி விட்டுப்போகிறது. சீட்டு கட்டிப் பழகிய எவருக்கும் தெரியும், இன்றைய ரூபாயும் 40 ஆண்டு கழித்து வரும் ரூபாயும் ஒன்றில்லை. அந்த 32,000 டாலர் 4 சதவீத வட்டியில் வேறெங்காவது இருந்தால், 40 ஆண்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 1,617 டாலர் எடுத்துக்கொண்டே இருக்கலாம். ஆகவே உண்மையான ஆண்டுச் செலவு 800 இல்லை, 1,617. கட்டணத்தையும் சேர்த்தால் ஓர் இரவு 298 டாலர். ஒரே ஒப்பந்தம், ஒரே அறை, வட்டியைச் சேர்த்ததும் 82 டாலர் கூடிவிட்டது. கடன் வாங்கி வாங்கினால் வட்டி இதைவிட அதிகம்.

விலைவாசியிலிருந்து தப்பிவிடலாம் என்பார்கள். பாதி உண்மை. முன்பணமாகக் கொடுத்தது உறைந்துவிடுகிறது. பராமரிப்புக் கட்டணம் உறைவதில்லை. ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் 18 ஆண்டில் இரு மடங்கு. எட்டரை டாலர் 17 ஆகும், 36ஆம் ஆண்டில் 34 ஆகும். நீங்கள் போகாத ஆண்டிலும் அதைக் கட்டியாக வேண்டும்.

வெளியேறும் வாசலையும் உள்ளே நுழையும் முன்பே பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் பல காலப்பங்குகள் மறுவிற்பனையில் ஒரு டாலருக்குக்கூடப் போவதில்லை. டிஸ்னிப் புள்ளிகள் ஓரளவு விலை போகின்றன. ஆனால் 2019 ஜனவரி 19 முதல், ரிவியேரா விடுதியின் புள்ளியை மறுவிற்பனையில் வாங்குபவர் அந்த ஒரே விடுதியில்தான் அதைச் செலவழிக்க முடியும். கைமாறும்போது நாணயத்தின் மதிப்பே சுருங்குகிறது. பழைய விடுதி ஒன்று பிடித்திருந்தால் மறுவிற்பனையில் வாங்குவது மலிவு என்பதையும் இதே கணக்கு சொல்லும். அவசரத்தில் கையெழுத்திட்டவருக்கு ஃப்ளோரிடா சட்டம் 10 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் எழுத்தில் தெரிவித்தால் ஒப்பந்தம் ரத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள்.

சென்னையில் 1986இல் தொடங்கிய ஸ்டெர்லிங் வழியாகக் கொடைக்கானலுக்கும், கிளப் மஹிந்திரா வழியாக மூணாறுக்கும் இந்த யோசனை வந்து பல காலம் ஆயிற்று. இங்கே பருவங்களுக்கு நிறமும் பெயரும் உண்டு, இரவுகளை நாளாக எண்ணும் வழக்கமும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விகள் மட்டும் மாறவில்லை: வட்டி சேர்த்து ஓர் இரவு எவ்வளவு, ஆண்டுக் கட்டணம் எப்படி ஏறும், வேண்டாமென்றால் யார் வாங்குவார்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. புள்ளி அட்டவணையை மேசையில் விரித்து, பக்கத்தில் உங்கள் வீட்டு நாள்காட்டியை வையுங்கள். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, அலுவலகத்தில் லீவு கிடைக்கும் மாதம், அம்மாவைத் தனியே விட்டுப் போக முடியாத நாட்கள், எல்லாவற்றையும் குறியுங்கள். 11 மாதம் முன்பே தேதி சொல்ல முடிகிற வீடா உங்களுடையது? அப்படியென்றால், கூட்டமில்லாத பருவத்தில் போக முடிகிறவர்களுக்கு இந்த இயந்திரம் அள்ளிக் கொடுக்கும். முந்தின வாரம்தான் லீவு உறுதியாகும் குடும்பத்துக்குப் புள்ளி மலிவாகக் கிடைத்தாலும் விலை அதிகம்தான்.

நள்ளிரவில் முறை வந்தாலும் மண்வெட்டியோடு மடைக்கு ஓடும் விவசாயியைப் பார்த்திருப்பீர்கள். அவர் வயலில் பயிர் நிற்கிறது, அதனால் அந்தத் தண்ணீர் அவருக்குப் பொன். பயிர் வைக்காத வயலுக்கும் முறை வரும், மடையும் திறக்கும். தண்ணீர் தரிசில் பாய்ந்து வற்றிப்போகும். புள்ளி வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்: முறை வரும் நாளில் நம் வயலில் பயிர் இருக்குமா?