செயலிழந்த கைபேசியை எழுப்புவது எப்படி?

கைபேசி திடீரென்று கறுத்துப்போய், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாமல் கிடந்தால், "போர்டு போய்விட்டது" என்பதுதான் பல கடைகளில் கிடைக்கும் முதல் தீர்ப்பு. சில சமயம் அது சரியாக இருக்கும். பல சமயம் அவசரத் தீர்ப்பு. கைபேசியின் உடலில் ஒரு குறையும் இல்லாமல், உள்ளே எழுதி வைத்திருக்கும் மென்பொருள் மட்டும் குலைந்து போயிருக்கலாம். அப்படிப்பட்ட நேரத்தில் உள்ளே நுழைவதற்கென்று, அதைத் தயாரித்தவர்களே ஒரு பின்வாசல் வைத்திருக்கிறார்கள். அது எங்கே இருக்கிறது, எப்போது திறக்கலாம், திறந்தால் எதை இழப்போம் என்பதை எழுதும்படி நம் இதழாசிரியர் கேட்டார். நான் ரயில்வே சிக்னல் பிரிவில் 35 ஆண்டுகள் பணியாற்றிய டிப்ளமோக்காரன். கைபேசி என் தொழில் அல்ல. ஓய்வு பெற்ற பின் சங்க அன்பர்கள் கொண்டுவந்து கொடுத்தவற்றைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், கைபேசி எப்படி விழித்தெழுகிறது என்று பார்ப்போம். நாம் பொத்தானை அழுத்தியதும் திரையில் படம் வந்துவிடுவதில்லை. உள்ளே ஒரு சங்கிலி ஓடுகிறது. பிராசஸர் சில்லுக்குள் பூட் ரோம் என்ற மிகச் சிறிய நிரல் இருக்கிறது. முதலில் எழுவது அதுதான். அது அடுத்த கட்டமான பூட்லோடரைத் தேடி எடுத்து, தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையெழுத்து அதில் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். சரியாக இருந்தால்தான் பொறுப்பை ஒப்படைக்கும். பூட்லோடர் இதேபோல் சோதித்து இயங்குதளத்தின் கருவை எழுப்பும். அதன் பிறகே நமக்குப் பழக்கமான திரை வரும். அடுத்த ஸ்டேஷனிடமிருந்து லைன் கிளியர் வாங்காமல் ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை விடமாட்டார் அல்லவா? அதே ஒழுங்குதான் இங்கும்.

இந்தச் சங்கிலியில் பூட்லோடரும் இயங்குதளமும் அழித்து எழுதக்கூடிய நினைவகத்தில் இருப்பவை. அப்டேட் நடக்கும்போது சார்ஜ் தீர்ந்தாலும், இடம் நிரம்பி வழிந்தாலும், அவை அரைகுறையாக நின்றுவிடலாம். பூட் ரோம் அப்படியல்ல. சில்லைத் தொழிற்சாலையில் வார்க்கும்போதே அதனுள் பதிந்துவிடுகிறது. பிறகு யாராலும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. நான் வேலை பார்த்த காலத்தில் ஈப்ராம் என்றொரு சில்லு உண்டு. நெற்றியில் சின்னக் கண்ணாடி ஜன்னலுடன் இருக்கும். அதன் வழியே புற ஊதா ஒளியைக் காட்டி அழித்து, மறுபடி எழுதுவோம். பூட் ரோமுக்கு அந்த ஜன்னலும் கிடையாது.

மாற்ற முடியாது என்பதில் நன்மை, தீமை இரண்டும் உண்டு. 2019 செப்டம்பரில், ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரையிலான போன்களின் பூட் ரோமில் ஓர் ஓட்டை இருப்பதை ஓர் ஆய்வாளர் வெளியிட்டார். ஏற்கனவே விற்றுப்போன அந்தப் போன்களில் ஆப்பிள் நிறுவனத்தாலேயே அந்த ஓட்டையை அடைக்க முடியவில்லை. அது தீமை. நன்மை என்னவென்றால், மேலே உள்ள மென்பொருள் எத்தனை குலைந்தாலும் பூட் ரோம் குலையாது. அடுத்த கட்டம் கிடைக்காதபோது, கேபிள் வழியாகக் கணினியிடம் "எனக்குப் புதிய மென்பொருள் அனுப்பு" என்று காத்திருக்க அதற்குத் தெரியும். ஐபோனில் இந்த நிலைக்கு டி.எஃப்.யு. மோட் என்று பெயர். குவால்காம் சில்லு உள்ள ஆண்ட்ராய்டு போன்களில் இ.டி.எல். என்பார்கள், அதாவது எமர்ஜென்சி டவுன்லோட்.

ரயில்வேக்காரர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்: இது பாயின்ட் மெஷினின் கிராங்க் ஹேண்டில். மோட்டார் வேலை செய்யாவிட்டால் கைப்பிடியைச் செருகிக் கையாலேயே தண்டவாளத்தின் நாக்கை நகர்த்துகிறோம். ஆனால் அந்தக் கைப்பிடி யார் கைக்கும் கிடைத்துவிடாது. பூட்டிய பெட்டியில் இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் சாவி தர வேண்டும். சாவி வெளியே வந்துவிட்டால் அந்தப் பாதைக்குரிய சிக்னல் விழாது. கைபேசியிலும் தயாரிப்பாளரின் கையெழுத்து இல்லாத மென்பொருளைப் பூட் ரோம் ஏற்றுக்கொள்ளாது. ஐபோனுக்கு இன்னும் கட்டுப்பாடு அதிகம். ஒவ்வொரு முறையும் அந்தக் குறிப்பிட்ட சில்லின் எண்ணைச் சொல்லி, ஆப்பிளின் சர்வரிடமிருந்து அந்த நிமிடத்துக்கான அனுமதி வாங்க வேண்டும். இணைய இணைப்பு இல்லாமல் இந்த வேலை நடக்காது என்பதற்குக் காரணம் இதுதான்.

நிற்க. பின்வாசலுக்குப் போகும் முன் முன்வாசலைத் தட்டிப் பார்க்க வேண்டாமா? நல்ல சார்ஜரில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். பாட்டரி அடியோடு வற்றிய போன், சார்ஜில் போட்டவுடன் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும். பிறகு கட்டாய ரீஸ்டார்ட். ஐபோன் 8-க்குப் பின் வந்தவற்றில், ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தி விடுங்கள், ஒலி குறைக்கும் பொத்தானை அழுத்தி விடுங்கள், பின் பக்கவாட்டுப் பொத்தானை ஆப்பிள் சின்னம் வரும்வரை விடாமல் பிடியுங்கள். சாம்சங்கில் ஒலி குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்துப் பத்து வினாடி பிடித்தால் போதும். என்னிடம் "செத்துப்போன" நிலையில் வந்தவற்றில் கணிசமானவை இந்த இடத்திலேயே உயிர் பிழைத்துவிட்டன. செலவு ஒரு காபி. அதையும் கொண்டு வந்தவரே வாங்கிக் கொடுத்துவிடுவார்.

இதற்கும் மசியாவிட்டால்தான் கணினியும் கேபிளும். இங்கே ஒரு வேறுபாட்டை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐபோனில் ரிகவரி மோட் வேறு, டி.எஃப்.யு. வேறு. ரிகவரி மோடில் பூட்லோடர் விழித்திருக்கும். திரையில் ஒரு கேபிளும் கணினியும் வரைந்த படம் தெரியும். டி.எஃப்.யு.வில் பூட் ரோம் மட்டுமே விழித்திருக்கும். திரை முழுக் கறுப்பு. ரிகவரி மோடில் கணினி உங்களிடம் இரண்டு கேள்வி கேட்கும்: அப்டேட்டா, ரீஸ்டோரா? அப்டேட் என்றால் இயங்குதளத்தை மட்டும் புதிதாக எழுதிவிட்டு, உங்கள் படங்களையும் கடிதங்களையும் அப்படியே வைக்க முயலும். ரீஸ்டோர் என்றால் வீட்டைக் காலி செய்து வெள்ளையடிப்பது. டி.எஃப்.யு. வழியே போனால் ரீஸ்டோர் ஒன்றுதான்.

இது வெறும் சொல் வேறுபாடு அல்ல. நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், மனைவியை இழந்து இரண்டு வருடம் ஆனவர். அவருடைய ஐபோனில் இடம் நிரம்பி வழிந்த நிலையில் இரவில் அப்டேட் ஓடி, காலையில் ஆப்பிள் சின்னம் வருவதும் மறைவதுமாக இருந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த வாரங்களில் அனுப்பிய குரல் செய்திகளும் படங்களும் அந்தப் போனைத் தவிர வேறெங்கும் இல்லை. ஐகிளவுடில் இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி எப்போதோ நிரம்பிவிட்டது. கடையில் "ரீஸ்டோர் பண்ணிடலாம், நாளைக்கு வாங்க" என்றிருக்கிறார்கள். அதில் என்ன போகும் என்று அவர்கள் சொல்லவில்லை. இவருக்குக் கேட்கத் தெரியவில்லை. ஏதோ மனதில் உறுத்தி, போனைக் கொடுக்காமல் என்னிடம் வந்தார்.

"ரீஸ்டோர்னா என்ன சார்?" என்றார்.

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ குரலும் போயிடுமா?" என்று கேட்டார்.

ரிகவரி மோடில் போட்டு அப்டேட்டைத் தேர்ந்தெடுத்தோம். பல ஜிபி அளவுள்ள கோப்பு இறங்க வேண்டும். என் வீட்டு இணையத்தில் முக்கால் மணி நேரம் ஆயிற்று. பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் போன் தானே ரிகவரி மோடிலிருந்து வெளியேறிவிடும். இதைக் கண்டு பலர் பயந்து கேபிளைப் பிடுங்கிவிடுகிறார்கள். தேவையில்லை. கோப்பு முழுதாக இறங்கியதும் போனை மறுபடி அந்த மோடில் போட்டால் போதும். அப்படியே செய்தோம். கோடு மெல்ல நகர்ந்து, பாதியில் நின்று, மறுபடி நகர்ந்து, கடைசியில் கடவுச்சொல் கேட்கும் திரை வந்தது. எல்லாம் இருந்தன. அன்றிரவே ஒரு ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்து, இன்னொரு பிரதியை அவர் மகளுக்கு அனுப்பிவிட்டோம். இது எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். இடம் அறவே இல்லாத போனில் அப்டேட் தோற்றுப்போவதும் உண்டு. ஆனால் முதலில் முயல வேண்டியது இதுதான்.

அதுவும் தோற்றால் டி.எஃப்.யு. என் மாப்பிள்ளையின் போனுக்கு அதுதான் நேர்ந்தது. ஐபோன் 8-க்குப் பிந்தையவற்றுக்கு முறை இது: கேபிளில் கணினியுடன் இணைத்துக்கொள்ளுங்கள். ஒலி கூட்டும் பொத்தான், ஒலி குறைக்கும் பொத்தான், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தி விடுங்கள். பக்கவாட்டுப் பொத்தானைத் திரை கறுக்கும்வரை, ஏறக்குறைய பத்து வினாடி, பிடியுங்கள். அதை விடாமலே ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து ஐந்து வினாடி பிடியுங்கள். இப்போது பக்கவாட்டுப் பொத்தானை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை இன்னும் பத்து வினாடி பிடித்திருங்கள். சரியாகச் செய்திருந்தால் திரையில் ஒன்றுமே தெரியாது. கணினி மட்டும் ஒரு போன் கிடைத்திருப்பதாகச் சொல்லும். ஆப்பிள் சின்னமோ கேபிள் படமோ தெரிந்தால் நேரக் கணக்கு தவறிவிட்டது, முதலிலிருந்து தொடங்குங்கள். எனக்கு இன்னமும் மூன்றாவது தடவைதான் கைகூடுகிறது. மேக் கணினியில், 2019-ல் வந்த கேட்டலினா முதல், ஃபைண்டரிலேயே இந்த வேலை முடியும். விண்டோஸில் ஐட்யூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் செயலி தேவை.

மாப்பிள்ளையின் போன் எழுந்துவிட்டது. எட்டு மாதப் படங்கள் எழவில்லை. தெரிந்தேதான் அவர் சம்மதித்தார். ஐபோனின் நினைவகம் முழுதும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. ரீஸ்டோர் செய்யும்போது அதைத் திறக்கும் சாவியே அழிக்கப்படுகிறது. ஆகவே "ரீஸ்டோர் செய்த ஐபோனிலிருந்து படங்களை மீட்டுத் தருகிறோம்" என்று வரும் விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். வேறிடத்தில் பிரதி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ரீஸ்டோர் பாதியில் நின்று 9, 4013, 4014 போன்ற எண்கள் வந்தால், கேபிளையும் கணினியின் துளையையும் மாற்றி மறுபடி செய்து பாருங்கள். விடாமல் அதே எண் வந்தால் உள்ளே வன்பொருள் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். எந்த மோடிலும் கணினி போனைக் கண்டுகொள்ளவே இல்லை என்றாலும் அப்படித்தான். கடைக்காரர் முதலில் சொன்ன "போர்டு" என்ற சொல்லை அப்போது நம்பலாம்.

ஆண்ட்ராய்டு பக்கம் கம்பெனிக்கு ஒரு வழி. சாம்சங்கில் டவுன்லோட் மோட் என்று உண்டு. ஓடின் என்ற கணினி மென்பொருளின் மூலம் ஃபர்ம்வேரை ஏற்றுவார்கள். அதில் கடைசிக் கோப்பு சி.எஸ்.சி. என்று ஒன்றும், ஹோம் சி.எஸ்.சி. என்று ஒன்றும் இருக்கும். முதலாவது போனைத் துடைத்துவிடும். இரண்டாவது உங்கள் தகவல்களை விட்டுவைக்கும். கடையில் கொடுக்கும்போது இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுங்கள். குவால்காம் போன் கறுத்துக் கிடக்க, கணினியின் டிவைஸ் மேனேஜரில் 9008 என்ற எண்ணுடன் ஒரு பெயர் தெரிந்தால், அது இ.டி.எல். நிலையில் காத்திருக்கிறது என்று பொருள். உயிர் இருக்கிறது. ஆனால் அதற்குத் தயாரிப்பாளர் கையெழுத்திட்ட தனி லோடர் கோப்பு வேண்டும். இதை சர்வீஸ் சென்டரில் செய்துகொள்வதே உத்தமம். மீடியாடெக் சில்லுள்ள போன்களில் ஃப்ளாஷ் செய்யும் மென்பொருளில் எல்லாவற்றையும் ஃபார்மட் செய்யும் ஒரு வசதி உண்டு. தெரியாமல் அதை அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் அழிந்து, போன் எழுந்தாலும் சிக்னல் வராது. போன் நன்றாக இருக்கும்போதே *#06# அழுத்தி அந்த எண்ணை ஒரு டைரியில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, பழைய போன் வாங்கும் அன்பர்களுக்கு. இந்தப் பின்வாசல் வழியே எல்லாவற்றையும் அழித்தாலும், உரிமையாளரின் பூட்டு அழியாது. ஐபோனில் 2013-லிருந்து ஆக்டிவேஷன் லாக் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 2015-லிருந்து கூகுள் கணக்கின் பூட்டு உண்டு. ரீஸ்டோர் முடிந்ததும் பழைய உரிமையாளரின் கணக்கையும் கடவுச்சொல்லையும் போன் கேட்கும். எனவே விற்பவர் தன் கணக்கிலிருந்து உங்கள் கண் முன்னே வெளியேறிய பின்னரே பணத்தைக் கொடுங்கள். உங்கள் ஆப்பிள் அல்லது கூகுள் கடவுச்சொல் உங்களுக்கே நினைவில் இல்லையென்றால், போன் நன்றாக வேலை செய்யும் இன்றைக்கே அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை நான் சங்க நூலகத்தில் இருப்பேன். போனுடன் அதன் கேபிளையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிள் இந்த வேலைக்கு உதவாது.