இலைமேல் நடக்கும் இரு புட்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி முதலிய மேட்டுநிலத்து ஏரிகளில் தாமரையும் அல்லியும் படர்ந்த இடத்தே, இலைகளின்மேல் அமிழாது நடக்கும் புட்கள் இரண்டுண்டு. தாமரை இலைக்கோழி என்பது ஒன்று. நீளவால் இலைக்கோழி என்பது மற்றொன்று. கோழியென்பது வழக்குப்பற்றி வந்த பெயரே. உண்மையில் இவை உள்ளான் முதலிய கரைப்பறவைகளுக்கு உறவின. விரல்களும் நகங்களும் மிக நீண்டு விரிந்திருத்தலின், உடற்பாரம் பரவி இலை தாழாது நிற்கின்றது.

தாமரை இலைக்கோழியின் தலையும் மார்பும் பளபளக்குங் கருமை. முதுகு வெண்கல நிறம். கண்ணின்மேல் வெண்கோடு ஒன்றுண்டு. ஆண்டு முழுதும் அதற்கு அவ்வுடையே. நீளவாலோ பருவந்தோறும் உடை மாற்றும். இனப்பெருக்கக் காலத்தில் பிடரி பொன்னிறமுற, வால் அரிவாள்போல் வளைந்து நீளும். அக்காலங் கழியின் அவ்வால் உதிர, அதனை வேறு பறவையென்றே மயங்குவாருளர். இதன் சிறகிறகுகளின் முனையில் அறுவைக்கத்தி போன்ற நீட்சியிருத்தலால், 1786-இல் ஸ்கோபோலி என்னும் அறிஞர் இதற்கு 'அறுவை மருத்துவன்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரிட்டார்.

இவ்விரண்டிலும் வியப்பாவது இல்லறமே. பெண் உருவிற் பெரிது. ஆண்கள் பலரை மணந்து, ஒவ்வொருவனிடத்தும் நான்கு முட்டைகளை ஒப்புவித்து நீங்கும். அடைகாத்தலும் குஞ்சு வளர்த்தலும் தந்தையின் கடமை. நீர் உயரின், நீளவாலின் ஆண் முட்டைகளை அலகால் அணைத்து வேறிடம் நகர்த்தும். தாமரை இலைக்கோழியின் ஆணோ, இடர் நேருங்கால் குஞ்சுகளைச் சிறகிடுக்கில் ஏந்தி ஓடும்; அப்போது சின்னஞ்சிறு கால்கள் வெளியே தொங்குதல் காணத்தக்கது. அதற்கேற்ப அதன் சிறகெலும்பு ஒன்று தட்டையாய் அகன்றுளது.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் ஓசூர் விரைந்து பெருகிற்று. நந்திமலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூர்ப் புறநகர்க் கழிவுகளைச் சுமந்து வந்து கெலவரப்பள்ளி அணையில் நுரைத்து நிற்றலைப் பலரும் கண்டிருப்பர். ஆகாயத்தாமரை மண்டிய நீரிலும் இப்புட்கள் நடக்கும். ஆதலின் இலையுள்ளவரை ஒருவாறு வாழும். ஏரி தூர்க்கப்படினோ இருவர் நிலையும் ஒன்றன்று. நீளவால் பருவத்துக்கேற்ப நெடுந்தொலைவு பறக்கவல்லது. கோடையில் காஷ்மீரத்து ஏரிகளிலும் கூடு கட்டும். தாமரை இலைக்கோழி பெரும்பாலும் பிறந்த நீர்நிலையைச் சூழ்ந்தே வாழ்வது. அடுத்த ஏரியும் வீட்டுமனையாகியிருப்பின், சிறகில் ஏந்திய குஞ்சுகளை இறக்கிவிட அதற்கு இலையில்லை.