அடிவானம் எவ்வளவு தூரம்?

வெள்ளவத்தையில் வளரும் பிள்ளைக்குக் கப்பல் புதிதல்ல. காலி வீதியிலிருந்து ஏதாவதோர் ஒழுங்கையில் இறங்கி, ரயில் தண்டவாளத்தைக் கடந்தால் கடல். தூரத்தில், கொழும்புத் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கோ துறைமுகமே அயல்வீடு. பார்ப்பது எளிது, ஏறிப் பயணம் போவதுதான் அரிது. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 'ஸ்கோசியா பிரின்ஸ்' என்ற பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. ஓர் இரவுப் பயணம். அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. 2023இல் சென்னையிலிருந்து வந்த 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றிப் போனது.

அப்படியொரு கப்பலில் ஒரு தாயும் பதினைந்து வயது மகனும் முதன்முறையாக ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து மாலையில் புறப்பாடு. மேல்தளத்துக் கம்பியைப் பிடித்தபடி மகன் கேட்கிறான்: "அம்மா, எங்கட வீட்டுப் பக்கம் எதுவரைக்கும் தெரியும்?"

இதற்குக் கணக்கே உண்டு. கண்ணிலிருந்து அடிவானத்துக்கு ஒரு நேர்கோடு வரையுங்கள். அது கடலின் வளைவைத் தொடும் தொடலி. அந்த இடத்தையும் கண்ணையும் பூமியின் நடுவோடு இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணி. சாதாரண தரத்தில் படித்த பைதகரசின் தேற்றம் போதும். பூமியின் ஆரை 6,371 கிலோமீட்டர். கணக்கைச் சுருக்கினால் கிடைப்பது இதுதான்: கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57ஆல் பெருக்குங்கள். அடிவானம் அத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

கப்பலேறுமுன் நீரோரத்தில் நிற்கும் தாயின் கண் 1.5 மீட்டர் உயரத்தில் என்றால், அவருடைய அடிவானம் ஏறக்குறைய 4.4 கிலோமீட்டர். அவரைவிட வளர்ந்துவிட்ட மகனின் கண் 1.7 மீட்டரில் என்றால் 4.65. தாயைத் தாண்டி அவன் வளர்ந்த வளர்த்தி, அவனுக்கு இருநூற்றைம்பது மீட்டருக்கும் மேலான கடலைக் கூடுதலாகக் காட்டிவிட்டது. எனக்கு இந்தக் கணக்கில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரமான கப்பல் தளத்தில் அடிவானம் 18 கிலோமீட்டராக விரிகிறது. அதற்கு அப்பாலும் உயரமான பொருட்கள் தெரியும். அவற்றின் அடிப்பகுதிதான் கடலுக்குக் கீழே போய்விடும். முதலில் கரையின் பாறைகள் மறையும். பிறகு வெள்ளவத்தைத் தொடர்மாடிகள். 36 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சி மறைய 39 கிலோமீட்டர் போக வேண்டும். கடைசியில் மிஞ்சுவது தாமரைக் கோபுரம். 350 மீட்டர் உயரமான அது முழுதாக மறைய ஏறக்குறைய 85 கிலோமீட்டர். மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மணி நேரம். கடல் மூட்டம் அதற்கு முன்பே திரை போட்டுவிடுவதுதான் வழக்கம். ஆனால் இரவில் விளக்குகள் ஒவ்வொன்றாக அமிழ்வதைப் பார்க்கலாம். பூமி உருண்டை என்பது அப்போது பாடப்புத்தகச் செய்தியாக இராது, கண்முன் நடக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பிரூனி என்ற அறிஞர், இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாவில் ஒரு மலையுச்சியில் நின்று, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தே பூமியின் ஆரையைக் கணக்கிட்டார். அவர் கண்டது உண்மைக்கு மிக அருகில் இருந்தது.

இரவு ஏற, கப்பல் ஆடத் தொடங்கும். தாய்க்குக் குமட்டல், சத்தி வருவது போல இருக்கிறது. இதற்குப் பழி வயிற்றின்மேல் விழுகிறது, பாவம். கோளாறு காதுக்கும் கண்ணுக்கும் இடையில். உட்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் கப்பலோடு சேர்ந்து அசைந்து, "ஆடுகிறோம்" என்கிறது. அறையின் சுவரும் கூரையும் நம்மோடு சேர்ந்தே ஆடுவதால் கண், "அசையவே இல்லை" என்கிறது. இரண்டையும் ஒத்துப்பார்க்க முடியாமல் மூளை திணறுகிறது. இதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு: உட்காதின் சமநிலை உறுப்பு இரண்டு பக்கமும் செயலிழந்தவர்களை 1960களில் வட அட்லாண்டிக் புயலுக்குள் கப்பலில் கொண்டுபோனார்கள். கூட வந்தவர்கள் படாத பாடு பட்டார்கள். இவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏறி இறங்க ஐந்து விநாடி எடுக்கும் மெதுவான ஆட்டமே மிக மோசமானது. கப்பலின் இரு பக்கமும் நீருக்குள் நீட்டியிருக்கும் துடுப்புச் சிறகுகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும்; மேலும் கீழும் போவதை அவற்றால் தடுக்க முடியாது. பயண நோய் ஒன்பது பத்து வயதில் உச்சத்துக்குப் போய், பிறகு குறைந்துகொண்டு வருவது. ஆனாலும் மகன் அறைக்குள் ஃபோனைப் பார்த்துக்கொண்டு படுத்தால் அவனையும் பிடித்துவிடும்.

மருந்து மேல்தளத்தில்தான் இருக்கிறது. கப்பலின் நடுப்பகுதியில், காற்றுப் படும்படி நின்று, அடிவானம் தெரியும் வேளையில் அதைப் பாருங்கள். ஆடாத ஒரே கோடு அது. கண்ணும் காதும் அப்போது ஒரே கதையைச் சொல்லும்.

கப்பல் ஏறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மழை மேகமில்லாத ஒரு மாலையில் பிள்ளையை வெள்ளவத்தைக் கரைக்குக் கூட்டிப் போங்கள். தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பார்த்துக் கடவுங்கள். சூரியனின் கடைசி விளிம்பு மட்டும் மிஞ்சும்போது இருவரும் மணலில் படுத்துப் பாருங்கள். அது மறைந்த கணமே சட்டென்று எழுந்து நில்லுங்கள். நாலைந்து விநாடிக்கு அதே சூரியன் மறுபடியும் தெரியும்.