டார்டிஸ் என்னும் கால யந்திரம்

கழிந்த நாளுக்கு மீண்டுஞ் செல்லல் கூடுமாயின் எத்துணை நன்றாம் என்று எண்ணாதார் இவ்வுலகில் இலர். தேர்வு முடிந்த மாலையில் மாணவர் அனைவர்க்கும் தோன்றும் எண்ணமும் இதுவேயாம். இவ்வெண்ணத்திற்கு யந்திர வடிவங் கொடுத்துப் பலரும் அறியச் செய்தவர் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர். அவரது ‘கால யந்திரம்’ 1895-ஆம் ஆண்டில் வெளிவந்தது. எனினும், இன்று சிறுவரும் பெயர் சொல்லும் கால யந்திரம் வெல்ஸுடையதன்று. ‘டாக்டர் ஹூ’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் வரும் ‘டார்டிஸ்’ என்பதேயாம். அதனைக் குறித்துச் சில கூறப் புகுகின்றோம்.

இத்தொடரைப் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தார் 1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் தொடங்கினர். அதற்கு முந்திய நாளிலேதான் அமெரிக்கத் தலைவர் கென்னடி சுடப்பட்டிறந்தார். அச்செய்தி எங்கும் பரவியிருந்தமையானும், சிலவிடங்களில் மின்னோட்டம் தடைப்பட்டமையானும், முதற்பகுதியை அடுத்த வாரம் மீண்டுங் காட்ட நேர்ந்தது. தொடரை நாட்டிய சிட்னி நியூமன் என்பார் கனடா நாட்டினர். முதற் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் நம் இந்தியாவில் இலக்குமணபுரி என்னும் லக்னோவிற் பிறந்தவர். சிறுவர்க்குச் சரித்திரமும் விஞ்ஞானமும் கதை வாயிலாகப் புகட்டுதலே அவர்தம் நோக்கமாயிருந்தது. ஆகலின், யந்திரத்துள் முதன்முதற் புகுந்த அயலார் இருவரும் பள்ளி ஆசிரியராயினர். ஒருவர் விஞ்ஞானங் கற்பிப்பவர், மற்றையவர் சரித்திரங் கற்பிப்பவர். தம் மாணவி ஒருத்தியின் இல்லத்தைத் தேடிச் சென்ற அவர்கள், பழஞ்சாமான் குவித்த ஒரு முற்றத்தில் நீலநிறப் பெட்டி ஒன்றைக் கண்டனர். கதவைத் தள்ளி உட்புகுந்தனர். அகன்றதோர் ஒளிமிக்க கூடத்தில் நின்றனர். யந்திரத்திற்குரிய டாக்டர் அதனை விரும்பிய இடத்திற் செலுத்த அறியாதவராதலின், ஆசிரியர் இருவரும் இலண்டன் மீள்வதற்கு 1965-ஆம் ஆண்டாயிற்று. அத்துணை நீண்ட விடுப்பை எப்பள்ளித் தலைமையாசிரியர் பொறுப்பாரோ, அறியோம்!

‘டைம் அண்டு ரிலேடிவ் டைமென்ஷன் இன் ஸ்பேஸ்’ என்னும் சொற்றொடரின் முதலெழுத்துக்களைக் கோத்து அமைத்ததே டார்டிஸ் என்னும் பெயர். அது தான் புனைந்த பெயரென்று அம்மாணவியே முதற் கதையில் உரைக்கின்றாள்.

இனி, அந்த நீலப் பெட்டி யாதெனின், அது கற்பனையன்று. இலண்டன் மாநகரில் 1929-ஆம் ஆண்டு முதலாக, கில்பர்ட் மெக்கென்சி டிரெஞ்ச் என்பார் வகுத்த அமைப்பின்படி, காவலர்க்கென்று தெருக்களில் இத்தகைய பெட்டிகள் நிறுவப்பட்டன. அவை சிமிட்டிக் கலவையாற் செய்யப்பெற்று மரக்கதவு உடையன. சிறு கதவொன்றைத் திறந்து, பொதுமக்கள் தொலைபேசியிற் காவல் நிலையத்தாரோடு பேசலாம். நிலையத்தார்க்குக் காவலர் வேண்டுமாயின் உச்சியிலுள்ள விளக்கு மின்னும். ரோந்து வரும் காவலர் உள்ளே அமர்ந்து குறிப்பெழுதவும் இளைப்பாறவும் இடமுண்டு. கையிற் கொண்டு செல்லும் கம்பியில்லாக் கருவி வந்தபின் இவை வேண்டாதனவாயின. 1960-களின் இறுதியிலிருந்து அகற்றப்பட்டன.

டார்டிஸ் தான் இறங்கும் இடத்திற்கேற்ப உருமாறவல்லது என்பது கதை. ஆயின் ஒவ்வொரு கதைக்கும் புதியதோர் உருச் சமைத்தற்குக் கழகத்தாரிடம் பொருளில்லை. எனவே, உருமாற்றும் உறுப்புப் பழுதுற்றதென்றும், இலண்டனிற் கொண்ட வடிவிலேயே யந்திரம் நிலைத்துவிட்டதென்றும் கதை வகுத்தனர். வறுமை ஈன்ற இக்கற்பனையே தொடரின் பெருஞ்செல்வமாயிற்று! மெய்யான பெட்டிகள் மறைய, கதைப் பெட்டி நிலைபெற்றது. அவ்வடிவத்தைத் தம் வாணிகக் குறியாக்கக் கழகத்தார் 1996-ஆம் ஆண்டில் விண்ணப்பிக்க, இலண்டன் காவற்றுறையினர் அதனை எதிர்த்தனர். 2002-ஆம் ஆண்டில் கழகத்தார்க்கே தீர்ப்பாயிற்று.

புறத்தே சிறிதாய் அகத்தே பெரிதாதல் எங்ஙனம்? 1977-ஆம் ஆண்டுக் கதையொன்றில், டாக்டர் இரண்டு பெட்டிகளைக் கொண்டு இதனை விளக்குவார். பெரிய பெட்டியைத் தொலைவில் வைத்தால் அது அருகிலுள்ள சிறிய பெட்டியினுஞ் சிறிதாகத் தோன்றும். தொலைவிலுள்ளதை அங்கேயே வைத்துக்கொண்டு இங்கும் இருக்கச் செய்தால் பெரியது சிறியதனுள் அடங்கும் என்பார். நகைச்சுவைக்கு இது தகும், விளக்கத்திற்குப் போதாது. நம் பாட்டியர் இடுப்பிற் செருகும் சுருக்குப்பையை எண்ணுக. மேசைமேல் விரித்த துணியில் ஓர் எறும்பு ஊர்கின்றது. துணியின் நடுவில் வாய்குறுகிய பையொன்று கீழ்நோக்கித் தைக்கப்பட்டுளது. வாயைச் சுற்றிவரும் எறும்பு, ‘இவ்வட்டம் நான்கு விரலளவே’ என்று கணக்கிடும். உட்புகுந்தாலோ ஊர்ந்து தீராத பரப்பைக் காணும். எறும்பிற்குத் துணியின் வளைவு எத்தன்மைத்தோ, நமக்கு வெளியின் வளைவும் அத்தன்மைத்து. வெளி வளையும் என்பது ஐன்ஸ்டைன் 1915-ஆம் ஆண்டில் நிறுவிய கொள்கை. ஆதலின், சிறு வாயிலுட் பெருங்கூடம் என்பது கணிதத்திற்கு முரணன்று. அதனைச் சமைக்கும் வழியே எவர்க்கும் எட்டிற்றிலது.

காலப் பயணமோவெனின், எதிர்காலத்திற் செல்லுதல் மெய்யாகவே கூடும். 1971-ஆம் ஆண்டில் ஹாஃபெலே, கீட்டிங் என்னும் இருவர் அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றிவந்தனர். நிலத்திலிருந்த கடிகாரத்தை நோக்க, கிழக்கே சென்றவை ஏறக்குறைய 59 நானோ விநாடி பிந்தின. மேற்கே சென்றவை 273 நானோ விநாடி முந்தின. ஒரு விநாடியை நூறு கோடி கூறிட்டால் ஒரு கூறே நானோ விநாடி. பின்னோக்கிச் செல்லலே அரிது. குர்ட் கோடல் என்னும் பேரறிஞர், கழிந்த காலத்திற்குத் திரும்பும் பாதைகளை ஐன்ஸ்டைன் சமன்பாடுகள் தடுக்கவில்லையென 1949-ஆம் ஆண்டிற் காட்டினார். 2017-ஆம் ஆண்டில் டிப்பெட், சாங் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் அத்தகைய யந்திரமொன்றைக் கணித்து, தலைப்பின் முதலெழுத்துக்கள் ‘டார்டிஸ்’ எனவே அமையுமாறும் செய்தனர். அதற்கு வேண்டும் எதிர்மறை ஆற்றலுடைய பொருள் எங்குங் கிடைத்திலது.

நிற்க. இத்தொடரைப் பற்றி நம் நெஞ்சை உறுத்துவது பிறிதொன்று. அக்காலத்துக் காந்த நாடாக்கள் விலைமிக்கன. ஆகலின் பழைய காட்சிகளை அழித்து, அவற்றின்மேற் புதியன பதித்தனர். அயல்நாட்டிற்கு விற்கவெனப் படச்சுருளில் எடுத்த படிகளும் பயனற்றனவென்று எறியப்பட்டன. இவ்வாறு 1960-களில் வந்த பகுதிகள் மிகப்பல மறைந்தன. கற்காலத்திற்கும் உரோமாபுரிக்கும் பார்ப்போரை அழைத்துச் சென்ற கழகம், தன் பத்தாண்டுப் பழமையைக் காவாது விட்டது! இன்று மலிவென்று எறிவது நாளை எவர்க்கு வேண்டுமென்பதை எறிபவர் அறியார்.

தேடுவோர் ஓயவில்லை. நைஜீரியா நாட்டு ஜோஸ் நகரிலிருந்து, இழந்த பகுதிகளில் ஒன்பது மீண்டன என்னுஞ் செய்தி 2013-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மற்றொரு வியப்பும் உண்டு. தொடரைப் பார்த்த சிலர், தம் வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பேச்சையும் இசையையும் பதிந்து வைத்திருந்தனர். அவர்தம் செயலால், படம் அழிந்த பகுதி ஒவ்வொன்றிற்கும் ஒலி மட்டும் எஞ்சியது. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் 1966-ஆம் ஆண்டில் விடைபெறும் பகுதியும் இழந்தவற்றுள் ஒன்று. எஞ்சிய ஒலிக்கேற்ப அசையும் சித்திரம் வரைந்து அதனை 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதனுட் கேட்பது அம்முதியவரின் குரலேயாம்.