எத்தனை நாள் இந்த மாத்திரை?

எங்கள் ஊர் பாறசாலைக்குத் தெற்கே, களியக்காவிளைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே எங்களுக்கு வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம். அந்தப் பக்கத்தில் யாராவது கொஞ்சம் முறை தவறிப் பேசினால், "இவனை ஊளம்பாறைக்குக் கொண்டு போகணும்" என்பார்கள். திருவனந்தபுரத்தில் 1870-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் இடம் அது. சிறுவயதில் நானும் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் தம்பிக்கே நோய் வந்த பிறகு அந்தச் சொல் என் வாயில் வருவதில்லை.

அவனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. நெய்யாற்றின்கரையில் எலக்ட்ரீஷியன் வேலை. தன்னைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொள்வது காதில் விழுகிறது என்றான். கயிறு கட்டி, பூஜை செய்து நான்கு மாதம் வீணானது. பிறகுதான் டாக்டரிடம் போனோம். "குரல் எந்த மொழியில் பேசுகிறது?" என்று அவர் கேட்டார். "பேசுவது மலையாளத்தில், திட்டுவது மட்டும் தமிழில்" என்றான் தம்பி. அந்தக் கலக்கத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ரிஸ்பெரிடோன் மாத்திரையில் இரண்டு மாதத்துக்குள் குரல்கள் அடங்கின. பத்தாம் மாதம் யாரிடமும் சொல்லாமல் அதை நிறுத்தினான். ஐந்தே வாரத்தில் பழையபடி ஆனது. மறுபடி மருந்து தொடங்கி, ஐந்து ஆண்டுகள் ஒரு குறையுமில்லாமல் போயின. சென்ற ஆண்டு நான் ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து கேட்டான்: "அக்கா, எத்தனை நாள் இந்த மாத்திரை?"

மும்பையிலிருந்து வாரம் ஒருமுறை போனில் "மாத்திரை சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு என் கடமை முடிந்தது என்று இருந்தவள் நான். (வாசகர்களில் பலரும் இப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.) அவன் சொன்னதை அன்றுதான் உட்கார்ந்து கேட்டேன். ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவன் எழுபத்தொன்பது ஆகிவிட்டான். ஏணியில் நிற்கும்போது கை நடுங்குகிறது. "மனசுக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு அக்கா. சிரிப்பு வருது, ஆனா உள்ளே போகல" என்றான். பெண் பார்க்கும் பேச்சும் தொடங்கியிருந்தது. மருந்தை மறைத்துக் கல்யாணம் செய்ய அவனுக்கு மனமில்லை; சொன்னால் பெண் கிடைக்காது என்ற பயமும் இருந்தது.

அம்மாவோ, "நான் கண்ணை மூடுற வரைக்கும் தின்னட்டும் மக்களே. அப்புறம் உங்க பாடு" என்றாள். அந்த ஐந்து வாரத்தில் நடுராத்திரி ரோட்டில் ஓடியவனைப் பின்னால் ஓடிப் பிடித்தவள் அவள்தான். நான் அப்போது மும்பையில் இருந்தேன்.

இதற்கு மருத்துவம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். பாரீஸில் 1952-இல் குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது முதலே இந்தக் கேள்வியும் இருக்கிறது. 2012-இல் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் நோய் திரும்பியது மருந்தைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு. நிறுத்தியவர்களில் 64 பேருக்கு. அம்மா சொல்வதற்குத்தான் பலம் அதிகம். ஆனால் மீதி 36 பேர் நிறுத்தியும் அந்த ஓராண்டு நன்றாக இருந்தார்களே! அவர்கள் யார் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை எதுவும் கிடையாது. தொல்லை அங்கேதான்.

முதன்முறை நோய் வந்தவர்களை நெதர்லாந்தில் ஏழு ஆண்டுகள் கவனித்து 2013-இல் வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் மருந்தைக் குறைக்க அல்லது நிறுத்த முயன்றவர்களில் 40 சதவீதம் பேரும், தொடர்ந்தவர்களில் 18 சதவீதத்துக்கும் குறைவானவர்களும் முழுமையாகத் தேறியிருந்தார்கள். இதைப் படித்ததும் துள்ளினேன். அடுத்து ஹாங்காங் ஆய்வு கையில் கிடைத்தது. முதல் சில ஆண்டுகளில் மருந்தை நிறுத்தியவர்களில் 39 சதவீதம் பேர் பத்தாண்டு முடிவில் மோசமான நிலையில் இருந்தார்கள். தொடர்ந்தவர்களில் 21 சதவீதம் பேர்தான். இங்கிலாந்தில் 253 பேரை வைத்துச் செய்து 2023-இல் வெளியான ஆய்வில், மெதுவாகக் குறைத்தவர்களில் 25 சதவீதம் பேருக்கும் குறைக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்கும் நோய் கடுமையாகத் திரும்பியது. இரண்டு ஆண்டு முடிவில் அன்றாட வாழ்க்கையில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை.

நம் சென்னையிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் தாராவும் மற்றவர்களும், முதன்முறை நோய் கண்ட 90 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டும் ஓயாமல் நோயிலேயே கிடந்தவர்கள் மிகச் சிலரே. வந்து, போய், இடையில் நன்றாக இருந்தவர்கள்தான் அதிகம். எனக்கு ஆறுதல் தந்தது இந்த ஆய்வுதான்.

மூன்று பேருமாக டாக்டரிடம் போனோம். முதல்முறை வந்து தெளிந்தவருக்கு ஓரிரு ஆண்டும், திரும்ப வந்தவருக்கு ஐந்தாண்டோ அதற்கு மேலோ மருந்து தேவை என்பதுதான் பொது வழக்கம் என்றார் அவர். "அஞ்சு வருஷம் முடிஞ்சாச்சே சார்" என்றான் தம்பி. அவர் சிரித்துவிட்டு, முழுவதும் நிறுத்துவதைப் பிறகு பேசலாம், முதலில் எவ்வளவு குறைந்தால் போதும் என்று பார்ப்போம் என்றார். 4 மில்லிகிராமிலிருந்து 3 ஆக்கும்போது மூளையில் மாற்றம் சிறியதாம். கீழே போகப் போக அதே ஒரு மில்லிகிராம் மிகப் பெரிதாம். அதனால் கடைசிப் படிகளைத்தான் மிக மிக மெதுவாக இறங்க வேண்டும். தம்பி முன்பு ஒரேயடியாக நிறுத்தியது மாடியிலிருந்து குதித்ததற்குச் சமம் என்றார்.

பிறகு தம்பியின் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, நோய் வருமுன் தனக்கு என்னென்ன நடக்கும் என்று அவனையே எழுதச் சொன்னார். நான்கு மணிநேரத்துக்குக் குறைவான தூக்கம். ராத்திரியெல்லாம் ரேடியோ. ரோட்டுப் பக்க ஜன்னலைச் சாத்துவது. இதில் இரண்டு தென்பட்டால் அம்மா டாக்டரைக் கூப்பிடலாம், மருந்தைக் கூட்டலாம், தான் மறுக்க மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டான். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இப்படி முன்கூட்டியே எழுதி வைக்கவும், தனக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் வழி இருக்கிறதாம். என்னை நியமிக்கிறேன் என்றான். அம்மாவுக்கு அதில் சற்று வருத்தம்தான்.

3 மில்லிகிராமுக்கு எளிதாக இறங்கினான். ஐந்து மாதம் கழித்து 2. கை நடுக்கம் குறைந்தது, ஆறு கிலோ இறங்கியது. ஒன்றரை ஆக்கிய மூன்றாம் வாரம் அம்மா விடியற்காலையில் போன் செய்தாள்: "மக்களே, ஜன்னல் சாத்தியிருக்கு. ரெண்டு நாளா தூக்கமும் இல்ல." அன்றே 2-க்குத் திரும்பினோம். பத்து நாளில் சரியானது. எந்தக் குரலும் வரவில்லை.

இப்போது 2 மில்லிகிராமில் நான்காவது மாதம். பெண் வீட்டாரிடம் விஷயத்தைச் சொன்னோம். ஒரு இடம் போய்விட்டது, இன்னொரு இடத்தில் யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை தம்பி போனில் கேட்டான்: "அடுத்த ஓணம் கழிஞ்சு ஒண்ணேமுக்கால் பார்க்கலாமா அக்கா?" அம்மாவிடம் போனைக் கொடு என்றேன். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓணம் வரட்டும்" என்றாள்.