பேய்வீட்டுப் புதினங்களும் பழையனூர் நீலியும்

பழைய மாளிகை, பூட்டிய அறை, குடும்பச் சாபம், சூனியக்காரி, ஆவி ஆகியவற்றைக் கொண்டு அச்சத்தை எழுப்பும் புனைகதைகள் கோதிக் புதினங்கள் எனப்படுகின்றன. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் தோன்றிய இவ்வகை இன்றும் உலகெங்கும் விரும்பிப் படிக்கப்படுகிறது. பேயை நம்பாதவர்களும் பேய்க்கதையை ஏன் விரும்புகிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேட, தொண்டை நாட்டிலேயே வழங்கிவரும் பழையனூர் நீலி கதை பெரிதும் உதவும். அக்கதை கோதிக் புதினங்களுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. ஆயினும் அவற்றின் முக்கியக் கூறுகள் பலவும் அதில் உள்ளன.

தோற்றமும் வளர்ச்சியும்

கோதிக் என்ற சொல் முதலில் கோத்துகள் என்ற பழங்குடி மக்களையும், பின்னர் இடைக்கால ஐரோப்பியக் கட்டடக்கலையையும் குறித்தது. இங்கிலாந்தின் ஹொரேஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட 'ஒட்ராண்டோ கோட்டை' இவ்வகையின் முதல் புதினமாகக் கருதப்படுகிறது. பாட்டன் செய்த குற்றத்தின் பலன் பேரனின் காலத்தில் வந்து விடிவதே அதன் கதை. ஆன் ராட்கிளிஃப், மேரி ஷெல்லி, பிராம் ஸ்டோக்கர் முதலியோர் இவ்வகையை வளர்த்தனர்.

அமெரிக்க எழுத்தாளர் நதானியல் ஹாதார்ன் 1851இல் 'ஏழு முகடுகள் கொண்ட வீடு' என்ற புதினத்தை எழுதினார். அதில் ஒரு செல்வர், பிறருடைய நிலத்தின் மேல் ஆசை வைக்கிறார். நிலத்துக்கு உரியவர் சூனியக் குற்றம் சாட்டப்பட்டுத் தூக்கிலிடப்படுகிறார். அவர் இட்ட சாபம் அந்நிலத்தில் எழுந்த வீட்டையும் அதில் வாழ்ந்த தலைமுறைகளையும் விடாமல் தொடர்கிறது. ஹாதார்னின் முன்னோர் ஒருவர், 1692ஆம் ஆண்டு சேலம் நகரில் நடந்த சூனிய வழக்குகளை விசாரித்தவர்களுள் ஒருவர். எனவே இப்புதினம் ஆசிரியரின் சொந்தக் குடும்பப் பழியையும் தொட்டு எழுதப்பட்டது எனலாம்.

20ஆம் நூற்றாண்டில் ஷெர்லி ஜாக்சனின் 'ஹில் ஹவுஸ்' பற்றிய புதினம் (1959) பேய்வீட்டுக் கதைகளுக்கு முன்மாதிரியானது. ஆன் ரைஸ் 1990இல் எழுதிய 'தி விட்சிங் அவர்', நியூ ஆர்லியன்ஸ் நகரில் வாழும் மேஃபேர் என்ற சூனியக்காரிகளின் குடும்பத்தைப் பல தலைமுறைகளுக்குப் பின்தொடர்கிறது.

பழையனூர் நீலி கதை

பழையனூர், திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை அடுத்துள்ள ஊர். நீலி கதை பல வடிவங்களில் வழங்குகிறது. பரவலாகச் சொல்லப்படும் வடிவம் வருமாறு:

காஞ்சியைச் சேர்ந்த ஒருவன் காசி யாத்திரை செல்கிறான். ஊரில் மனைவி இருப்பதை மறைத்து அங்கே இன்னொருத்தியை மணக்கிறான். அவளை ஊருக்கு அழைத்து வரும் வழியில், குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி, ஆலங்காட்டருகே அவளைக் கொன்றுவிடுகிறான். இறந்தவள் மறுபிறப்பில் நீலி என்னும் பேயாகிறாள். கொன்றவன் காஞ்சியில் ஒரு வணிகனாகப் பிறக்கிறான். பேயால் அவனுக்குச் சாவு நேரும் என்பதை முன்பே அறிந்தவர்கள் அவனிடம் ஒரு மந்திர வாளைக் கொடுத்து வைக்கிறார்கள்.

வணிகன் ஒருநாள் பழையனூர் வழியாகப் போகிறான். நீலி அவனுடைய மனைவியின் உருவில் எதிரே வருகிறாள். ஒரு கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்திருக்கிறாள். அவன் அஞ்சி ஓடி, ஊர்ப் பெரியவர்களான வேளாளர் எழுபது பேரிடம் முறையிடுகிறான். கணவன் தன்னைக் கைவிட்டான் என்று நீலி அவர்கள் முன் கண்ணீர் வடிக்கிறாள். கீழே இறக்கிவிட்ட குழந்தை 'அப்பா' என்று அவனிடம் போகிறது. பெரியவர்கள் அவளை நம்புகிறார்கள். இருவரும் அன்றிரவு ஒரே வீட்டில் தங்கட்டும், வாளை வெளியே வைத்துவிடட்டும், அவன் உயிருக்கு ஏதேனும் நேர்ந்தால் தாங்கள் எழுபது பேரும் உயிர் விடுவோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் வயிறு கிழிந்து கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். அதன் நினைவாகத் தீப்பாய்ந்த மண்டபம் என்ற இடம் இன்றும் அப்பகுதியில் உள்ளது.

இக்கதை மிகப் பழமையானது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தர் ஆலங்காட்டுப் பதிகத்தில், வஞ்சனையால் உயிர் கொண்ட ஒருத்தியைக் குறிப்பிடுகிறார். அது நீலியையே சுட்டுவதாகக் கொள்வது மரபு.

நீலியின் வேறு வடிவங்கள்

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான 'நீலகேசி' சமண சமயத்தைச் சார்ந்தது. அதில் முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை அச்சுறுத்த நீலி வருகிறாள். முனிவர் அஞ்சவில்லை. அவரிடம் அறம் கேட்டு, கொல்லாமையை ஏற்று, பிற சமயத்தாருடன் வாதம் செய்து வெல்லும் அறிஞையாக அவள் மாறுகிறாள். பேயைக் கொன்றோ விரட்டியோ முடிக்காமல், அதற்குக் கல்வி கொடுத்து முடிக்கும் காப்பியம் இது.

கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களில் நீலி கதை இசக்கியம்மன் கதையோடு கலந்து வில்லுப்பாட்டாகப் பாடப்படுகிறது. அங்கே அவள் கையில் பிள்ளையுடன் நிற்கும் தெய்வம். கேரளத்தில் கள்ளியங்காட்டு நீலி புகழ்பெற்ற யட்சி.

திருவாலங்காட்டுக்கு இன்னொரு பேயின் தொடர்பும் உண்டு. காரைக்கால் அம்மையாரின் கணவன் அவருடைய தெய்வத்தன்மையைக் கண்டு அஞ்சி, அவரைப் பிரிந்து வேறு மணம் செய்துகொள்கிறான். கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாம் என்று அம்மையார் பேய் வடிவம் வேண்டிப் பெறுகிறார். பின்னர் ஆலங்காட்டில் இறைவனின் ஆடலைக் கண்டு பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. கணவனால் கைவிடப்பட்டுப் பேயானவர்கள் என்ற வகையில் நீலிக்கும் அம்மையாருக்கும் ஒற்றுமை உண்டு. ஒருத்தியை ஊர் அஞ்சியது. மற்றவரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்கியது.

ஈர்ப்புக்கான காரணங்கள்

முதற்காரணம், பாதுகாப்பான அச்சம். எட்மண்ட் பர்க் என்ற சிந்தனையாளர் 1757இல் எழுதிய நூலில், ஆபத்து சற்றுத் தொலைவில் இருக்கும்போது அச்சமும் ஒருவகை இன்பம் தரும் என்று விளக்கினார். வீட்டுக்குள் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பாட்டியிடம் பேய்க்கதை கேட்ட எவருக்கும் இது விளங்கும். கதை முடிந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம், எதிர்பார்ப்பு. ஆன் ராட்கிளிஃப் திகிலையும் அருவருப்பான கொடூரத்தையும் வேறுபடுத்தினார். ஏதோ வரப்போகிறது என்ற திகில் மனத்தை விழிக்கச் செய்கிறது. கொடூரத்தை நேரில் காட்டினால் மனம் உறைந்துவிடுகிறது. நீலி கதையிலும் வணிகன் இறக்கும் காட்சி சொல்லப்படுவதில்லை. கதவு சாத்தப்படுகிறது. அடுத்து விடியற்காலைதான் வருகிறது.

மூன்றாவது காரணம், குடும்பம். பொதுவாக வீடு பாதுகாப்பைக் குறிக்கும். கோதிக் புதினத்தில் ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' (1847) புதினத்தில், இரவில் மாளிகையில் கேட்கும் சிரிப்பொலி ஆவியின் குரலன்று. மாடியறையில் பூட்டி வைக்கப்பட்ட முதல் மனைவியின் குரல். 1966இல் ஜீன் ரைஸ் அந்த முதல் மனைவியின் பக்கத்திலிருந்து தனியாக ஒரு புதினமே எழுதினார்.

நான்காவதும் முக்கியமானதுமான காரணம், தீராத வழக்கு. இவ்வகைக் கதைகளில் பேய் காரணமின்றி வருவதில்லை. யாரோ ஒருவர் கொல்லப்பட்டிருப்பார், அல்லது நிலம் பறிக்கப்பட்டிருக்கும், அல்லது ஒரு பெண் மறைக்கப்பட்டிருப்பாள். உயிரோடு இருந்தபோது கிடைக்காத நீதியைக் கேட்டு அவர்கள் திரும்பி வருகிறார்கள். படிப்பவர் பேய்க்கு அஞ்சிக்கொண்டே, மனத்துக்குள் பேயின் பக்கம் சாய்கிறார்.

நீலி கதையை இந்தக் கண்ணோட்டத்தில் மீண்டும் படிக்க வேண்டும். பொய் அழுகைக்கு 'நீலிக் கண்ணீர்' என்பது இன்று தமிழகம் முழுவதும் வழங்கும் தொடர். நீலி என்பது வஞ்சகக்காரி என்னும் வசையாகவும் உள்ளது. இவ்வழக்குகள் கதையின் பிற்பாதியை மட்டுமே நினைவில் வைத்துள்ளன. அவள் பேயாக வந்து அழுதபோது எழுபது பேர் கூடி வழக்குக் கேட்டார்கள். அதே காட்டில் அவள் பெண்ணாகக் கொலையுண்டபோது எந்த ஊரும் கூடவில்லை. கதை கேட்பவர்கள் மட்டுமே முற்பிறப்புக் கொலையையும் அறிந்தவர்கள். பழமொழி மறந்துவிட்ட சாட்சியத்தைக் கதை காப்பாற்றி வைத்திருக்கிறது.

தமிழ்க் குடும்பமும் இறந்த பெண்களும்

மேலைநாட்டுப் புதினங்களில் இறந்தவளின் அறை பூட்டப்படும். தமிழகத்தின் வடமாவட்டங்களில் இதற்கு நேர்மாறான வழக்கம் உண்டு. காஞ்சிபுரம், வாலாஜாபாத் உள்ளிட்ட பாலாற்றங்கரை வட்டாரங்களில் குடும்பத்தில் சுமங்கலியாகவோ கன்னியாகவோ இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வணங்குவார்கள். திருமணம் போன்ற நல்ல காரியங்களுக்கு முன் அவளுக்குப் புதுப்புடவை, பூ, மஞ்சள், குங்குமம் வைத்துப் படைப்பார்கள். பம்பை, உடுக்கை ஒலிக்க நீர்நிலையிலிருந்து கலசத்தில் அவளை வீட்டுக்கு அழைத்து வருவதும் உண்டு.

இறந்தவளை மறந்தால் குறை வரும் என்ற அச்சமும், அவளும் நம் வீட்டுப் பெண்தான் என்ற பாசமும் இவ்வழிபாட்டில் சேர்ந்தே இருக்கின்றன. இருபுறமும் தொழிற்சாலைகள் பெருகிய ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்திலும் பூவாடைக்காரிக்குப் படைத்த பின்னரே பந்தக்கால் நடும் குடும்பங்கள் உள்ளன.

நவீனத் தமிழ்ப் படைப்புகள்

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' (1943) தமிழின் சிறந்த பேய்ச் சிறுகதைகளுள் ஒன்று. எழுத்தாளன் ஒருவனின் வீட்டுக்குப் பிச்சை கேட்டு வரும் பெண்ணை அவன் மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் யார் என்பது கடைசிவரை உறுதியாவதில்லை. மாளிகையோ கோட்டையோ இல்லாமல், நடுத்தரக் குடும்பத்தின் கூடத்திலேயே திகிலை உண்டாக்கலாம் என்பதை இக்கதை காட்டியது.

இந்திரா சௌந்தர்ராஜனின் மர்மக்கதைகள் வார இதழ்களிலும், பின்னர் 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடரிலும் பெரும் வரவேற்பைப் பெற்றன. திரைப்படத்தில் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) ஜமீன் மாளிகையில் நடந்த பழைய அநீதி மறுபிறப்பில் தொடர்வதைச் சொன்னது. 'சந்திரமுகி' (2005) பூட்டிய அறையையும் வஞ்சிக்கப்பட்ட நடனப்பெண்ணையும் மையமாகக் கொண்டது. இக்கதைகளிலும் பேயின் பின்னால் ஒரு பழைய குற்றமே இருக்கிறது.

கதையும் வாழ்க்கையும்

கதையில் சூனியக்காரி வலிமை மிக்கவள். வாழ்க்கையில் சூனியக்காரி என்று முத்திரை குத்தப்படுபவர்கள் பெரும்பாலும் கைம்பெண்கள், முதியவர்கள், சிறிது நிலம் மட்டுமே உடையவர்கள். சேலம் நகர வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் கற்களை ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். அவ்வழக்குகளில் தண்டனை பெற்று உயிர் தப்பிய எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயர் மட்டும் நீண்டகாலம் குற்றவாளிப் பட்டியலில் இருந்து நீக்கப்படாமலே இருந்தது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்துப் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஆவணங்களைத் தேடிப் படித்து முயன்றதன் பயனாக, 2022இல் அவர் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். முன்னூறு ஆண்டுப் பழி வகுப்பறையில் தொடங்கிய முயற்சியால் நீங்கியது.

இந்தியாவில் இக்கொடுமை பழங்கதையாகிவிடவில்லை. சூனியக்காரி என்று கூறிப் பெண்களைத் துன்புறுத்துவதையும் கொல்வதையும் தடுக்க பீகார் 1999இலும், சத்தீஸ்கர் 2005இலும், ஒடிசா 2013இலும், ராஜஸ்தான் 2015இலும் தனிச்சட்டங்கள் இயற்றின. ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் உள்ளன.

எனவே பேய்க்கதை படிப்பதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கத் தேவையில்லை. அதை உண்மை நிகழ்ச்சியாக நம்பி, பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சந்தேகிப்பதே ஆபத்து. நல்ல பேய்க்கதை அதற்கு மாறான பழக்கத்தைத் தருகிறது. ஒருத்தியைப் பேய் என்று ஊர் சொல்லும்போது, அவளுக்கு முன்பு என்ன நேர்ந்தது என்று கேட்கக் கற்றுத் தருகிறது. நீலிக் கண்ணீர் என்ற தொடரைப் பாடநூலில் படிக்கும் மாணவர்கள், அக்கண்ணீருக்கு முந்தைய கதையையும் சேர்த்து அறிந்துகொள்வது நல்லது.